டிரக் நிறைய மின்சாரம், வீடெல்லாம் இருட்டு

வீட்டுச் சுவரில் இரண்டு பேட்டரிகளும் வாசலில் ஒரு மின்சார பிக்கப் டிரக்கும் இருந்தால் எவ்வளவு நீண்ட மின்தடையையும் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காகிதத்தில் அந்தக் கணக்கு சரியாகவே இருக்கிறது. என்னிடம் இருந்தவை 51.2 வோல்ட், 280 ஆம்பியர்-மணி கொண்ட இரண்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள், ஒன்றில் 14.3 யூனிட் வீதம் இரண்டிலும் சேர்த்து 28.6 யூனிட் சேமிக்கலாம். டிரக்கின் பேட்டரி ஏறத்தாழ 130 யூனிட் கொள்ளும். சாதாரண நாட்களில் எங்கள் வீட்டுச் செலவு 20 யூனிட்டை ஒட்டியே இருக்கும் என்பதால், கூட்டிப் பார்த்தால் ஒரு வாரம் தாங்கும் என்ற விடை கிடைக்கும். உபகரணங்களைப் பொருத்திக் கொடுத்த ஒப்பந்தக்காரரும் இதே கணக்கைத்தான் சொன்னார். ஆனால் எத்தனை யூனிட் சேமிப்பில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அது எந்த வழியாக வீட்டுக்குள் வரும், அந்த வழியைத் திறந்து மூடும் அதிகாரம் எந்தக் கருவியிடம் இருக்கிறது என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. எனக்குக் கருவிகளை விற்றவர்களில் எவரும் இந்த இரண்டாவது கேள்வியை எழுப்பவில்லை. புயல்தான் எழுப்பியது.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் மின்சாரத்தையும் பேட்டரியையும் சேர்த்துக் கையாளும் 10 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர் ஒன்று பேட்டரிகளோடு இணைந்திருந்தது. கூரையில் முன்பே இருந்த சூரிய பேனல்களுக்குத் தனியாக ஒரு பழைய இன்வெர்ட்டர் இருந்தது. டிரக்குக்கு 7.2 கிலோவாட் சார்ஜர். இவை தவிர, வெளிச்சுவரில் ஜெனரேட்டருக்கென ஒரு பெரிய சாக்கெட்டைப் பொருத்தி, தேவைப்பட்டால் டிரக்கின் பின்பகுதியில் உள்ள பிளக் பாயிண்டிலிருந்து இங்கே ஒரு கேபிளைச் செருகினால் போதும் என்றும் சொல்லியிருந்தார்கள். இத்தனை செலவையும் நான் செய்ததற்குக் காரணம் என் அம்மா. அவருக்கு நாள் முழுவதும் ஆக்சிஜன் தேவை; காற்றிலிருந்து அதைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் 350 வாட் இழுக்கும். பார்க்கச் சிறிய எண்தான், ஆனால் ஓயாமல் ஓடும் கருவி என்பதால் ஒரு நாளைக்கு 8.4 யூனிட் ஆகிவிடும். குளிர்சாதனப் பெட்டியைப் போல ஐந்து ஆறு மடங்கு அது. மின்தடைக்குத் திட்டமிடும்போது எந்தக் கருவி எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட, எது நிற்காமல் ஓடுகிறது என்று பார்ப்பதே முக்கியம் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

புயல் வந்த இரவில் வீட்டில் நானும் அம்மாவும் மட்டுமே இருந்தோம். எச்சரிக்கை வந்திருந்ததால் டிரக்கை முழுவதும் நிரப்பிவைப்போம் என்று சார்ஜரைச் செருகிவிட்டுப் படுத்தேன். நள்ளிரவுக்குப் பிறகு எப்போதோ ஊர் மின்சாரம் நின்றிருக்கிறது. நல்ல ஹைபிரிட் இன்வெர்ட்டர் சில மில்லி விநாடிகளில் பேட்டரிக்கு மாறிவிடும், விளக்குகூடச் சிமிட்டாது. அதையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள், உண்மையில் அது பெருமைக்குரியதும்தான். ஆனால் அந்த இரவில் அந்த நேர்த்தியே எங்களுக்கு வினையாயிற்று. மின்சாரம் போனது வீட்டிலிருந்த எங்களுக்கும் தெரியவில்லை, டிரக்கின் சார்ஜருக்கும் தெரியவில்லை. சார்ஜரை இன்வெர்ட்டரின் காப்புப் பக்கத்தில், அதாவது மின்தடையிலும் மின்சாரம் தொடரும் பக்கத்தில், இணைத்திருந்தார்கள். ஆகவே அது தன் 7.2 கிலோவாட்டை முன்போலவே இழுத்துக்கொண்டிருந்தது, இப்போது வீட்டுப் பேட்டரியிலிருந்து. மூன்று மணி நேரத்துக்குள் பேட்டரிகள் இரண்டும் 10 சதவீதம் என்ற அடிமட்ட வரம்பைத் தொட்டன. இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டை நிறுத்திவிட்டது. நான் விழித்தது கான்சன்ட்ரேட்டரின் எச்சரிக்கை ஒலி கேட்டு. டிரக் 85 சதவீதத்தைக் காட்டியது, அதாவது கிட்டத்தட்ட 110 யூனிட். வீட்டில் ஒரு விளக்கு எரியவில்லை.

இதற்குத் தீர்வு மிக எளியது, பொருத்தும்போதே செய்திருந்தால் கூடுதல் செலவும் இல்லை. டிரக் சார்ஜர் இன்வெர்ட்டருக்கு முன்னால், ஊர் மின்சாரம் நேரடியாக வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊர் மின்சாரம் நின்றால் சார்ஜரும் தானாக நிற்க வேண்டும். பகலில் கூரை மின்சாரத்தைக் கொண்டு டிரக்கை நிரப்ப வேண்டும் என்பதற்காகக் காப்புப் பக்கத்தில்தான் வைக்க வேண்டுமென்றால், மின்தடையின்போது அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஒரு காண்டாக்டரை (மின்சைகையால் தானாக இயங்கும் சுவிட்சை) வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஹைபிரிட் இன்வெர்ட்டர்களில் அதற்கென ஒரு சிறு ரிலே வெளியீடு இருக்கிறது. கூடவே, மின்சாரம் போனதை உங்களுக்கு உரக்கச் சொல்ல ஏதாவது ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். ஊர் மின்சாரப் பக்கத்தில் பொருத்தப்பட்ட ஒரு சாதாரண மின்தடை அலாரம் போதும். கைப்பேசிக்கு வரும் அறிவிப்பை நம்ப வேண்டாம். எங்கள் பகுதியில் கோபுரங்களும் அந்த இரவே செயலிழந்தன.

இருட்டில் அம்மாவுக்கு ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிய அந்தச் சில நிமிடங்களில் எனக்கு வந்த பயத்தை மறைக்க விரும்பவில்லை. கை நடுங்கியது. ரெகுலேட்டரின் முள் காட்டிய அளவை மணிக்கணக்காக மாற்றத் தெரியாமல் விழித்தேன். வீட்டில் மருத்துவக் கருவி இருப்பவர்கள், சிலிண்டர் எந்த ஓட்டத்தில் எத்தனை மணி வரும் என்ற கணக்கை மருத்துவரிடமோ சிலிண்டர் கொடுப்பவரிடமோ கேட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சிலிண்டரிலேயே கட்டிவிடுங்கள். பேட்டரி என்பது மின்சாரத்துக்கான மாற்று. சிலிண்டர் மின்சாரமே இல்லாதபோதைக்கான மாற்று. பேட்டரிகள் வந்த பிறகு சிலிண்டர் எதற்கு என்று அதைத் திருப்பித் தரச் சொல்லி இருவர் எனக்கு யோசனை கூறியிருந்தார்கள். நல்லவேளையாக அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு டிரக்கிடம் போனேன். ஜெனரேட்டர் சாக்கெட்டில் கேபிளைச் செருகி, டிரக்கின் திரையில் வெளியீட்டை இயக்கியதும் அடுத்த கணமே அது ட்ரிப் ஆனது. மீண்டும் இயக்கினேன், மீண்டும் ட்ரிப். வீட்டு எம்சிபிகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, ஒரு விளக்கின் சுமைகூட இல்லாமல் முயன்றபோதும் அதே கதைதான். விடிந்து வெகுநேரம் வரை கேபிளையும் சாக்கெட்டையும் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். பழுது எதிலும் இல்லை என்பது பின்னர் தெரிந்தது. எங்கள் வீட்டைப் போலப் பல வீடுகளின் மின்பலகையில் நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் இணைக்கப்பட்டிருக்கும். பல டிரக்குகள் தங்கள் பிளக் பாயிண்டிலும் உள்ளுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்தே தருகின்றன, ஏனென்றால் அவை நேரடியாகக் கருவிகளை இயக்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை. இரண்டையும் ஒரு கேபிளால் சேர்க்கும்போது திரும்பி வரும் மின்னோட்டத்துக்கு இரு பாதைகள் கிடைக்கின்றன. ஒரு பகுதி நியூட்ரல் வழியாகவும் மற்றொரு பகுதி எர்த் வழியாகவும் திரும்பும். போனதும் வந்ததும் சமமாக இல்லை என்பதைக் கண்டதும், டிரக்கில் உள்ள கசிவு மின்னோட்டப் பாதுகாப்புக் கருவி, யாரோ ஒருவர் மீது மின்சாரம் பாய்கிறது என்று எடுத்துக்கொண்டு சுற்றைத் துண்டித்துவிடும். சுமையே இல்லாதபோதும் இந்த இரட்டை இணைப்பைக் கண்டுகொள்ளும் வகையும் உண்டு. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

பார்க்க வந்த அண்டை வீட்டார் ஒருவர், கேபிளில் உள்ள எர்த் கம்பியை வெட்டிவிட்டால் ட்ரிப் ஆகாது என்றார். உண்மைதான், ஆகாதிருக்க வாய்ப்புண்டு. ஆனால் அதன் பிறகு எங்காவது உண்மையாகவே கசிவு ஏற்பட்டால் டிரக்கின் உலோக உடலே மின்னேற்றம் பெற்று நிற்கக்கூடும், அதைத் தொடுபவரைக் காக்க எதுவும் இருக்காது. தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதீர்கள். இதைவிடக் கொடியது, இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த கேபிளைக் கொண்டு சுவரில் உள்ள சாதாரண சாக்கெட் வழியாக வீட்டுக்கு மின்சாரம் ஏற்றுவது. மெயின் சுவிட்சை அணைக்க ஒருமுறை மறந்தால் அந்த மின்சாரம் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாகக் கம்பிகளில் பாயும். அங்கே கம்பத்தில் ஏறி உங்களுக்காக வேலை செய்துகொண்டிருப்பவர் உயிரிழப்பார். நியூட்ரல் சிக்கலுக்குச் சரியான வழி, வீட்டை ஊர் மின்சாரத்திலிருந்து டிரக்குக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையாக இருப்பது. என் வீட்டில் இருந்தது ஃபேஸை மட்டும் மாற்றுவது. இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லை என்பதைப் பின்னர் அறிந்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுவதும் தணியவில்லை.

அன்று எனக்குக் கைகொடுத்தது எல்லாவற்றிலும் எளிய வழி. டிரக்கின் பிளக் பாயிண்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளைச் சன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து கான்சன்ட்ரேட்டரை நேரடியாக அதில் செருகினேன். வீட்டு வயரிங்கோடு எந்தத் தொடர்பும் இல்லை என்பதால் ட்ரிப் ஆகவில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு இன்னொரு கேபிள். இலட்சக்கணக்கில் செலவழித்த அமைப்பு சுவரில் வாயடைத்து நிற்க, இரண்டு கேபிள்களால் வீடு ஓடியது. எனவே எவ்வளவு நுட்பமான அமைப்பு இருந்தாலும், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கொண்ட நீளமான கேபிள்கள் இரண்டை வீட்டில் வைத்திருங்கள். சுருளில் சுற்றிய நிலையிலேயே பயன்படுத்தாமல் முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றிய சுருளில் வெப்பம் வெளியேற வழியின்றிக் காப்புறை உருகிவிடும்.

அன்று வானம் தெளிந்து நல்ல வெயில் அடித்தது. கூரை நிறையப் பேனல்கள், ஆனால் அதிலிருந்து ஒரு வாட்கூடக் கிடைக்கவில்லை. காரணம், பழைய சூரிய இன்வெர்ட்டர் தானாக மின்சாரத்தை உருவாக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்து அதன் தாளத்துக்கு இசைந்து சேர்ந்துகொள்ளும் வகை. ஊர் மின்சாரம் இல்லாதபோது அந்தத் தாளத்தைப் போட வேண்டியது ஹைபிரிட் இன்வெர்ட்டர். அதுவோ பேட்டரி 20 சதவீதத்தைத் தொட்டால்தான் மீண்டும் எழுவேன் என்று நின்றது. பேட்டரியில் இருந்தது 10 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட 3 யூனிட் கையில் இருந்தும், அதை ஏற்றக்கூடிய வெயில் கூரையில் இருந்தும், இரண்டையும் சேர்த்துவைக்க ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. அந்த எண் பொருத்துநரின் கடவுச்சொல்லுக்குப் பின்னால், இணையம் இருந்தால் மட்டுமே திறக்கும் செயலிக்குள் இருந்தது. இணையம் இல்லை, பொருத்துநரின் தொலைபேசியும் எட்டவில்லை. அந்தப் பகல் முழுவதையும் இழந்தேன். என்னைக் கேட்டால், இந்த அனுபவத்தில் மிகவும் அவமானமாக உணர்ந்த பொழுது அதுதான்: என் பணத்தில் வாங்கி என் சுவரில் தொங்கும் கருவிக்கு நான் அந்நியனாக நின்றேன்.

இதிலிருந்து இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். அடிமட்ட வரம்புக்கும் மீண்டும் எழும் வரம்புக்கும் இடையே உள்ள இடைவெளி பேட்டரியின் நலனுக்காகவே வைக்கப்படுகிறது. ஆனால் அவசரத்தில் அதைத் தற்காலிகமாகக் குறைக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு இருக்க வேண்டும். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் அந்தக் கடவுச்சொல்லை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; இணையமே இல்லாமல், கருவியின் சொந்தத் திரையிலிருந்தோ புளூடூத் வழியாகவோ அமைப்புகளை மாற்ற முடிகிறதா என்று அவர் முன்னிலையிலேயே மாற்றிப் பாருங்கள். இன்னொன்று, டிரக்கின் மின்சாரம் வீட்டுப் பலகைக்குள் வரும் நேரத்தில் கூரை இன்வெர்ட்டரை அணைத்துவைப்பது. வீட்டுப் பேட்டரி நிரம்பிவிட்டால் ஹைபிரிட் இன்வெர்ட்டர் அலைவெண்ணைச் சற்றே உயர்த்தும். அந்தச் சைகையைப் புரிந்துகொண்டு கூரை இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். டிரக்கின் பிளக் பாயிண்டுக்கு அந்தச் சைகை தெரியாது. மிஞ்சும் சூரிய மின்சாரம் டிரக்கின் இன்வெர்ட்டருக்குள் பின்னோக்கித் தள்ளப்பட்டால் அது பழுதாகலாம்.

அடுத்து வந்த நாட்களில் கவனித்தது டிரக்கின் சொந்தச் செலவு. கான்சன்ட்ரேட்டரும் குளிர்சாதனப் பெட்டியும் எடுப்பதைக் கணக்கிட்டால் பேட்டரி இறங்க வேண்டிய அளவைவிட அது வேகமாக இறங்கியது. வெளியீடு இயங்கும்போது டிரக்கின் கணினிகள், குளிர்விக்கும் பம்புகள், இன்வெர்ட்டர் எல்லாம் விழித்திருக்கின்றன. என் டிரக்கில் அது 300 வாட் அளவுக்கு இருந்தது. ஒரு நாள் முழுவதும் இயக்கினால் 7.2 யூனிட் இதற்கே போய்விடும். அம்மாவின் கருவி எடுப்பதற்குச் சற்றுக் குறைவு. சிறிய சுமைக்காக டிரக்கை இரவு பகலாக விழித்திருக்கச் செய்வதுதான் இந்த ஏற்பாட்டிலேயே பெரிய வீண் செலவு என்பது அப்போது புரிந்தது. டிரக் குறைந்த நேரம் விழித்து, அந்த நேரத்தில் நிறையக் கொடுத்துவிட்டு உறங்க வேண்டும். இடைப்பட்ட நேரத்தை வீட்டுப் பேட்டரி பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பின்னர் மாற்றியமைத்த முழுத் திட்டமும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கிறது.

டிரக் ஒரு வாகனமும்கூட என்பதைத் திட்டமிடுபவர்கள் எளிதில் விட்டுவிடுகிறார்கள். சிலிண்டரை நிரப்பிவர வேண்டிய நேரம் வந்தபோது, டிரக்கை எடுத்தால் வீட்டில் மின்சாரம் போகும். எடுக்காவிட்டால் சிலிண்டர் வராது. அம்மாவைத் தனியே விட்டுச் செல்லவும் மனமில்லை. கடைசியில் அவரையும் இருந்த ஒரே சிலிண்டரையும் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். அருகிலிருந்த சார்ஜிங் நிலையங்களிலும் மின்சாரம் இல்லை. புயல் தொடாத பகுதிவரை ஓட்டிச் சென்று, வரிசையில் காத்திருந்து நிரப்பித் திரும்பியதில் அரை நாள் கழிந்தது. உங்கள் சுற்றுப்புறத்தில் வேறு மின் கட்டமைப்பிலிருந்து மின்சாரம் பெறும் சார்ஜிங் நிலையம் எங்கே இருக்கிறது, அங்கே போய்வர எத்தனை சதவீதம் ஆகும் என்பதை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து வையுங்கள். அந்த அளவோடு இன்னும் 10 சதவீதம் சேர்த்து, அதற்குக் கீழே வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று டிரக்கிலேயே வரம்பு வைத்துவிடலாம். எனக்கு அது 30 சதவீதம்.

மின்சாரம் திரும்பி, தூக்கமும் ஓரளவு திரும்பிய பிறகு, இதை எப்படி ஒழுங்காகச் செய்வது என்று தேடத் தொடங்கினேன். வாகனத்திலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுப்பது புதிய சிந்தனையல்ல. ஜப்பானில் 2011 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பின், 2012இலேயே நிசான் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு 6 கிலோவாட் வரை கொடுக்கும் கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. டிரக்குகளில் 2022இல் வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், பெரிய பேட்டரி கொண்ட வகையில் 131 யூனிட் வைத்திருக்கிறது. அதன் பிளக் பாயிண்டுகள் 9.6 கிலோவாட் வரை கொடுக்கும். டெஸ்லா சைபர்டிரக்கில் 123 யூனிட், வீட்டுக்கு 11.5 கிலோவாட். ஆனால் விளம்பரத்தில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு வழிகள் நடைமுறையில் வேறுவேறு. ஒன்று, டிரக்கின் பிளக் பாயிண்டிலிருந்து மாறுமின்சாரம் (ஏசி) எடுப்பது. இதற்கு டிரக்கும் வீட்டுக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசத் தேவையில்லை. மற்றொன்று, சார்ஜ் செய்யும் துளையின் வழியாகவே மின்சாரத்தைத் திருப்பி எடுத்து வீடு முழுவதையும் தானாக இயக்குவது. இதற்கு இருதிசைச் சார்ஜரோ, வீட்டை டிரக்குக்கு மாற்றும் அதே நிறுவனத்தின் கருவியோ, கூடவே இரு பக்கமும் ஒத்த மென்பொருளும் வேண்டும். ஐஎஸ்ஓ 15118-20 என்ற 2022ஆம் ஆண்டுத் தரநிலை இருதிசைப் பேச்சுக்கு இலக்கணம் வகுத்திருக்கிறது என்றாலும், தரநிலை இருப்பது வேறு, உங்கள் டிரக்கும் உங்கள் சார்ஜரும் சேர்ந்து சோதிக்கப்பட்டிருப்பது வேறு. இன்ன மாடல் டிரக்கோடு இன்ன மாடல் கருவி இயங்கும் என்று எழுத்தில் இல்லாதவரை பணம் கட்ட வேண்டாம்.

இரண்டாவது வழிக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட மதிப்பீடு, என் வீட்டுப் பேட்டரிகள் இரண்டின் விலையையும் தாண்டியது. அதற்கு மேல் ஏற்கெனவே இருந்த ஹைபிரிட் இன்வெர்ட்டரோடு அது ஒத்துப்போகும் என்று எவரும் கையெழுத்திட்டுத் தரவில்லை. நான் தேர்ந்தெடுத்தது இவை இரண்டுக்கும் நடுவில் உள்ள எளிய பாதை. டிரக்கின் பிளக் பாயிண்டிலிருந்து வரும் மாறுமின்சாரத்தை வாங்கி, 48 வோல்ட் வகைப் பேட்டரிக்கு (என் 51.2 வோல்ட் பேட்டரிகளும் இந்த வகைதான்) ஏற்ற நேர்மின்சாரமாக (டிசி) மாற்றிக் கொடுக்கும் 5 கிலோவாட் சார்ஜர் ஒன்றை வாங்கி, வீட்டுப் பேட்டரியின் முனைகளோடு ஃபியூஸ் வழியாக இணைக்கச் செய்தேன். ஜெனரேட்டரிலிருந்து பேட்டரியை நிரப்ப வைத்துக்கொள்ளும் கருவிதான் அது. இதில் டிரக்கின் நியூட்ரலும் வீட்டின் நியூட்ரலும் சந்திப்பதே இல்லை. ஆகவே ட்ரிப் இல்லை. இரு இன்வெர்ட்டர்களின் அலைகளைப் பொருத்தும் வேலையும் இல்லை, கூரை இன்வெர்ட்டரை அணைக்க வேண்டியதும் இல்லை. அதன் விலை பேட்டரி ஒன்றின் விலையில் கால்பங்குக்கும் கீழே. சார்ஜருக்குள் மின்னோட்ட அளவை டிரக்கின் பிளக் பாயிண்ட் தொடர்ந்து தாங்கும் அளவில் 80 சதவீதத்துக்குக் குறைத்து வைத்திருக்கிறேன். 5 கிலோவாட் என்றால் பேட்டரிப் பக்கத்தில் 100 ஆம்பியர். கேபிளின் தடிமனிலும் முனைகளின் இறுக்கத்திலும் சிக்கனம் பார்க்க இடமில்லை. இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஒரே பெட்டிக்குள் மூடிவரும் வகையை வாங்கியவர்களுக்கு இந்த வழி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் முனைகளைத் தொட உங்களுக்கு அனுமதி கிடையாது.

இழப்பு உண்டு. டிரக்கில் நேர்மின்சாரம் மாறுமின்சாரமாகி, சார்ஜரில் மீண்டும் நேர்மின்சாரமாகி, பேட்டரிக்குள் போய் வந்து, இன்வெர்ட்டரில் மறுபடியும் மாறுமின்சாரமாகும்போது ஏறத்தாழ கால்பங்கு வழியிலேயே கரைந்துவிடுகிறது. இருந்தும் கணக்கு சாதகமாகவே வருகிறது. அவசர கால வாழ்க்கைக்கு எங்கள் வீட்டுக்குக் கான்சன்ட்ரேட்டருக்கு 8.4, குளிர்சாதனப் பெட்டிக்கு 1.5, விளக்கு முதலியவற்றுக்கு 1, தண்ணீர் மோட்டாருக்கு 0.5 என 11.4 யூனிட் வேண்டும். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போது தின்பதையும் சேர்த்தால் 13. இதை நிரப்ப டிரக் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கும் குறைவாக விழித்தால் போதும். மீதி இழப்பையும் டிரக்கின் சொந்தச் செலவையும் சேர்த்து டிரக்கிலிருந்து இறங்குவது 16 யூனிட் சொச்சம். 85 சதவீதத்திலிருந்து 30 வரை என்று வைத்துக்கொண்டால் வெயிலே இல்லாமல் நான்கு நாட்களுக்கு மேல் தாங்கும். டிரக்கின் பேட்டரி இதனால் தேய்ந்துவிடுமோ என்ற கவலை எனக்கும் இருந்தது. 130 யூனிட் பேட்டரியிலிருந்து 5 கிலோவாட் எடுப்பது மிக மெல்லிய சுமை; நெடுஞ்சாலையில் ஓடும்போது அது பல மடங்கு கொடுக்கிறது. ஆயினும் வாரண்டி நிபந்தனைகளில் வெளியே மின்சாரம் கொடுப்பதற்கு வரம்பு ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். கடுங்குளிர்ப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, எனவே அதை வெளியே வைக்காதீர்கள்.

தண்ணீர் மோட்டாரைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது. ஒரு கிலோவாட் மோட்டார் தொடங்கும் கணத்தில் தன் இயல்பான மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். வேறு சுமைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது அது தொடங்கினால் இன்வெர்ட்டர் சோர்ந்து அணையலாம், அதனோடு மருத்துவக் கருவியும் நிற்கும். மோட்டாரை மெல்லத் தொடங்கவைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் அல்லது விஎஃப்டி ஒன்றைப் பொருத்தினால் அந்த முதல் உதறல் அடங்கிவிடும். வாங்கும்போது இன்வெர்ட்டரின் தொடர் திறனை மட்டும் கேட்காமல், சில விநாடிகளுக்கு எவ்வளவு தாங்கும் என்றும் கேளுங்கள்.

இழந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். தனியாக இருந்த உறைபெட்டியில் உணவு முழுவதும் போயிற்று. பயன்படாத ஜெனரேட்டர் சாக்கெட், தவறான சேஞ்ச்ஓவர் சுவிட்ச், சார்ஜரை இடம் மாற்றிய கூலி ஆகியவற்றைச் சேர்த்தால் முதல் பொருத்துகூலியில் பாதியை மீண்டும் ஒருமுறை செலவழித்திருக்கிறேன். அந்த நாட்களில் சிலிண்டர் வாடகையும் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் தனி. ஒப்பந்தக்காரரோ, ஒப்பந்தத்தில் எழுதிய வேலையைத்தான் செய்தேன் என்றார். எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது எழுத்தளவில் உண்மை. ‘பேட்டரி பொருத்துதல்’ என்று இருந்ததே தவிர, மின்தடையில் வீடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை.

ஆகையால் ஒப்பந்தத்தில் கருவிகளின் பட்டியலோடு நிற்காமல் நடத்தையை எழுதச் சொல்லுங்கள். ஊர் மின்சாரம் நின்றால் டிரக் சார்ஜர் நிற்க வேண்டும். டிரக்கின் பிளக் பாயிண்டிலிருந்து வீட்டுப் பேட்டரி ட்ரிப் ஆகாமல் நிரம்ப வேண்டும். பேட்டரி அடிமட்டத்தைத் தொட்ட பின், இணையம் இல்லாமலே வீட்டுக்காரர் அதை மீண்டும் எழுப்ப முடிய வேண்டும். இவை மூன்றையும், பணம் முடிப்பதற்கு முன், மெயின் சுவிட்சை அணைத்து, வைஃபை ரவுட்டரையும் அணைத்து, பேட்டரியை உண்மையாகவே அடிமட்டம்வரை இறக்கிச் செய்து காட்டச் சொல்லுங்கள். அரை நாள் பிடிக்கும் வேலை. நான் மறுமுறை செய்வித்தபோது புதிய மின்பணியாளர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அந்தச் சோதனையில்தான் சார்ஜரின் ஃபியூஸ் முனை ஒன்று சரியாக இறுக்கப்படாமல் சூடாவது தெரியவந்தது. இப்போது மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே சோதனையை நானே செய்கிறேன். முனைகளைத் தொட்டுப் பார்க்காமல் வெப்பமானியால் அளக்கிறேன்.